விளக்குமாறு ஏந்திய மகான் காட்கே மகராஜ்

மும்பையில் பிழைக்க வந்த தமிழர்களில் சாத் ரஸ்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஏழு சாலைகள் வந்து கூடும் அந்த இடத்துக்கு வெள்ளைக்காரர் காலத்தில் ஜேக்கப் சர்க்கிள் என்று பெயர். பிற்பாடு சந்த் காட்கே மகராஜ் சௌக் என்று பெயர் சூட்டினார்கள். 2019-ஆம் ஆண்டு வடாலாவிலிருந்து அங்கே வரை மோனோ ரயில் பாதை நீட்டப்பட்டபோது, கடைசி நிலையத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வேலைக்கு ஓடும் நம்மவர்களில் பலர், மராட்டியர்கள் வணங்கும் சாமியார்களில் இவரும் ஒருவர் போலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாமியார்தான். ஆனால் அவர் மடம் கட்டி அதில் உட்கார்ந்தவரில்லை. மந்திரம் சொல்லவில்லை, விபூதி கொடுக்கவில்லை, சீடர் என்று யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. படங்களில் அவரைப் பார்த்தால் தலையில் உடைந்த மண்சட்டி, உடம்பில் ஒட்டுப் போட்ட கந்தல், கையில் ஒரு விளக்குமாறு. ஐம்பது ஆண்டுகள் அந்தக் கோலத்திலேயே மராட்டிய நாட்டுக் கிராமம் கிராமமாக நடந்து, தெருவையும் சாக்கடையையும் பெருக்கியவர் அவர்.

அப்பர் பெருமான் உழவாரப் படையோடு கோயில் கோயிலாகச் சென்று பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார் என்று நாம் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். காட்கே மகராஜ் கோயில் பிராகாரத்தோடு நிற்கவில்லை. மனிதர்கள் நடக்கும் வழியையும், தண்ணீர் எடுக்கும் துறையையும், கூடும் திடலையும் கோயிலாக நினைத்தார். பொது இடத்தை அசுத்தம் செய்வது ஒருவர், அதை அள்ளுவது வேறொருவர் என்று இந்த நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாட்டைத் தம் கையாலேயே அசைத்துப் பார்த்தவர் அவர். பொதுக் கழிப்பிடத்தின் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அவருடையது.

வண்ணார் வீட்டுப் பிள்ளை

மராட்டிய மாநிலத்தின் கிழக்குப் பகுதியான விதர்ப்பத்தில், அமராவதி மாவட்டத்தில் ஷேண்ட்காவ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி, துணி வெளுக்கும் பரீட் சாதியில் ஒரு ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் பெயர் ஜிங்க்ராஜி, தாயார் சக்குபாய். பிள்ளைக்கு வைத்த பெயர் டெபுஜி. குடும்பப் பெயர் ஜானோர்கர்.

ஜிங்க்ராஜியைக் குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது. அந்தச் சாதியில் கலியாணம் என்றாலும் கருமாதி என்றாலும் சாராயமும் கிடா வெட்டும் இல்லாமல் முடியாது. கையில் காசு இல்லாவிட்டாலும் கடன் வாங்கிச் செய்தாக வேண்டும். குடி உடம்பைத் தின்றது. கடன் வீட்டைத் தின்றது. டெபுஜி சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துபோனார். தாயார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முர்திஜாபூர் பக்கத்திலுள்ள தாபுரே கிராமத்துக்கு, தம் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே டெபுஜி மாடு மேய்த்தான். வளர்ந்ததும் தாய்மாமன் நிலத்தில் ஏர் பிடித்தான். பள்ளிக்கூட வாசலை அவன் மிதித்ததில்லை. எழுத்துத் தெரியாத குடும்பத்தை வட்டிக்கடைக்காரன் எப்படி விழுங்குவான் என்பதை அந்த வீட்டிலேயே கண்ணால் கண்டான். மாமன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தார். கடைசியில் நிலம் கைவிட்டுப் போயிற்று. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனாரே, அந்தப் பாடத்தை அவர் கற்றது இங்கேதான்.

1892-ஆம் ஆண்டு குந்தாபாய் என்ற பெண்ணோடு அவருக்குத் திருமணம் நடந்தது. முதல் பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாள் வந்தது. சாதி வழக்கப்படி சாராயமும் கறிச் சோறும் போட வேண்டும். டெபுஜி மறுத்துவிட்டார். வந்தவர்களுக்குச் சைவச் சாப்பாடும் லட்டும் பரிமாறினார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். தகப்பனைப் பறித்த சாராயத்தை மகள் பெயர் சூட்டும் இடத்தில் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயத்தை அவர் உதறிய முதல் நாள் அது.

வீட்டை விட்டுப் புறப்பட்டார்

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, இருபத்தொன்பதாம் வயது நிறைவதற்குச் சில வாரங்கள் முன்பு, அவர் வீட்டை விட்டு வெளியேறினார். இடுப்பிலும் தோளிலும் கந்தல் துணி. கையில் ஒரு மண்சட்டி. வெயில் அடித்தால் அந்தச் சட்டி தலைக்குத் தொப்பி. யாராவது உணவு போட்டால் அதுவே தட்டு. தாகம் எடுத்தால் அதுவே குவளை. ஒரு காதில் சோழியும் மற்றொரு காதில் உடைந்த வளையல் துண்டும் தொங்கும். மராட்டியில் மண்சட்டிக்கு காட்கே என்று பெயர். ஜனங்கள் அவரைச் சட்டிச் சாமியார் என்ற பொருளில் காட்கே பாபா, காட்கே மகராஜ் என்று அழைக்கத் தொடங்கினார்கள். டெபுஜி என்ற பெயர் மறைந்துபோயிற்று.

அவர் ஒரு ஊருக்கு வரும் விதமே தனி. சாமியார் வந்தால் அரசமரத்தடியில் உட்காருவார், ஜனங்கள் காலில் விழுவார்கள் என்பதுதான் வழக்கம். காட்கே மகராஜ் ஊருக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் பெருக்க ஆரம்பித்துவிடுவார். தெருவைப் பெருக்குவார், அடைத்துக் கிடக்கும் சாக்கடையைத் தோண்டி விடுவார், குப்பையை வாரிக் கூட்டுவார். வேலை முடிந்த பிறகுதான் ஒரு வீட்டு வாசலில் நின்று சோள ரொட்டியும் சட்னியும் கேட்பார். உழைக்காமல் சாப்பிடக்கூடாது என்பது அவர் விரதம். பணம் கொடுத்தால் கைநீட்டி வாங்கமாட்டார். காலில் விழ வந்தால் விலகிக்கொள்வார்.

அக்காலத்துக் கிராமம் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீடுகளில் கழிப்பறை கிடையாது. ஊருக்குள் வரும் பாதையின் இரு ஓரமும், ஓடைக் கரையும், குளக்கரையும்தான் கழிப்பிடம். மழை பெய்தால் அந்த அசுத்தமெல்லாம் குடிக்கும் தண்ணீரில் வந்து கலக்கும். காலரா வந்தால் அம்மன் கோபம் என்று கிடா வெட்டுவார்கள். அசுத்தத்தை அள்ளுவதற்கென்று சில சாதிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அள்ளுகிறவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்து, தொட்டால் தீட்டு என்றார்கள்.

இந்த நிலையில் ஒரு சாமியார் வந்து துடைப்பத்தைக் கையில் எடுத்தது சின்ன விஷயமில்லை. துப்புரவுத் தொழிலாளிகளை அழைத்து, இன்னும் நன்றாகப் பெருக்குங்கள் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துத் திட்டவும் இல்லை. தாமே குனிந்து பெருக்கினார். முதலில் பைத்தியம் என்று சிரித்தார்கள். பிறகு, ஒரு பெரியவர் நம் வாசல் அசுத்தத்தை அள்ளுகிறாரே என்று கூச்சப்பட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து கூடச் சேர்ந்தார்கள். அந்தக் கூச்சம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

பகலில் துடைப்பம், இரவில் கீர்த்தனை

பகலில் ஊரைச் சுத்தம் செய்தவர், இரவில் கீர்த்தனைக்கு நிற்பார். கீர்த்தனை என்பது நம் ஊர் கதாகாலட்சேபம் போன்றது. பாட்டும் கதையும் நாமாவளியும் கலந்து வரும். ஆனால் காட்கே மகராஜின் கீர்த்தனையில் புராணக் கதை குறைவு. கூடியிருப்பவர்களின் கதைதான் அதிகம். விதர்ப்பத்துக் கிராமத்துப் பேச்சில், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். கூட்டம் பதில் சொல்லும். பதில் சொல்லச் சொல்லத் தங்கள் தவறு தங்களுக்கே விளங்கும்.

கடன் வாங்கிக் கலியாண விருந்து வைக்காதீர்கள், சாராயம் குடிக்காதீர்கள், கடவுள் பெயரால் உயிர்ப்பலி கொடுக்காதீர்கள், தீண்டாமை பாராட்டாதீர்கள், ஊரையும் உடம்பையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் தட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்பவைதான் அவர் கீர்த்தனையின் சாரம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் பேசினால் ஆயிரக்கணக்கானோர் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். காலையில் அவர் பெருக்கிய திடலில் அல்லவா இரவில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்! சொல்லுக்கு முன்னால் செயல் வந்துவிட்டதால், சொல் எடுபட்டது.

அவருடைய மகன் கோவிந்தன் இறந்த செய்தி, வெளியூரில் கீர்த்தனை செய்துகொண்டிருந்தபோது வந்தது என்றும், அவர் கீர்த்தனையைப் பாதியில் நிறுத்தவில்லை என்றும் மராட்டியர்கள் உருக்கத்தோடு சொல்லுவார்கள்.

பண்டரிபுரத்துச் சத்திரம்

மராட்டியர்களுக்குப் பண்டரிபுரம், நமக்குத் திருப்பதியும் பழனியும் போல. ஆடி மாத ஏகாதசிக்கும் கார்த்திகை ஏகாதசிக்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் கால்நடையாக வந்து சந்திரபாகா நதிக்கரையில் கூடுகிறார்கள். கூட்டம் பெரிது, அக்காலத்தில் வசதியோ ஒன்றுமில்லை. நதி மணலே கழிப்பிடம், அதே நதியே குளியல் துறை, அதுவே குடிதண்ணீர். திருவிழா முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பும்போது காலராவையும் கூடவே எடுத்துச் சென்ற ஆண்டுகள் உண்டு.

காட்கே மகராஜும் பண்டரிபுரத்துக்கு வருவார். தரிசன வரிசையில் அவரைக் காண முடியாது. நதி மணலிலும் தெருக்களிலும் துடைப்பத்தோடு காணலாம். யாத்திரிகர்கள் விட்டுச்செல்லும் அசுத்தத்தை அள்ளுவதே விட்டலனுக்குச் செய்யும் பூஜை என்பது அவர் கொள்கை.

ஆனால் துடைப்பம் மட்டும் போதாது என்பதை அங்கேதான் அவர் கண்டுகொண்டார். தங்க இடமில்லாதவன் தெருவில்தான் படுப்பான். தெருவில் படுப்பவன் தெருவைத்தான் அசுத்தம் செய்வான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? இருந்த சத்திரங்களிலோ எல்லோருக்கும் இடம் கிடையாது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாசல் மூடியிருந்தது. ஏழைக் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு மழையில் நனைந்தன.

சோகாமேளர் என்ற பக்தர் ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மகார் சாதியில் பிறந்தவர். அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. அவருடைய சமாதி கோயில் வாசற்படியருகே இருக்கிறது. அந்தச் சோகாமேளர் பெயரால், மற்றச் சத்திரங்கள் ஏற்காத மக்களுக்காகப் பண்டரிபுரத்தில் ஒரு தருமசாலை கட்டும் வேலையை 1917-ஆம் ஆண்டையொட்டிக் காட்கே மகராஜ் தொடங்கினார். 1920-ஆம் ஆண்டு அது எழுந்து நின்றது. சானே குருஜி உண்ணாவிரதம் இருந்து, பண்டரிபுரம் கோயில் எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட்டது 1947-ஆம் ஆண்டில்தான். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, கோயில் மூடிய கதவைச் சத்திரத்தில் திறந்து வைத்தவர் இவர்.

சுத்தம், எல்லோருக்கும் திறந்த கதவு இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பது அவர் வாழ்க்கை காட்டும் பெரிய உண்மை. சிலருக்கு மட்டும் வசதி செய்து மற்றவர்களை வெளியே நிறுத்தினால், ஊர் சுத்தமாகாது. வெளியே நிற்பவனின் அசுத்தம் உள்ளே இருப்பவனின் தண்ணீரில்தான் வந்து கலக்கும்.

கோடி கட்டினார், குடிசையில் வைத்தார்

பண்டரிபுரத்தை அடுத்து நாசிக், ஆளந்தி, தேஹு என்று யாத்திரைத் தலங்களில் எல்லாம் தருமசாலைகள் எழுந்தன. பூர்ணா நதிக்கரையிலுள்ள ரிணமோசன் என்ற இடத்தில் படித்துறை அமைந்தது. நொண்டி, முடம், குஷ்டரோகிகளுக்கு அன்னதானம் நடந்தது. பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் மாட்டுக் கொட்டில்களும் ஏற்பட்டன. கீர்த்தனையில் திரண்ட பணம் அத்தனையும் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறியது.

கட்டியதோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. ஒவ்வொன்றையும் யார் பார்த்துக்கொள்வது, செலவுக்கு வழி என்ன என்று ஏற்பாடு செய்தார். பொறுப்பாளர்களை நியமித்தார். திடீரென்று வந்து நின்று முற்றத்தையும் மூலையையும் பார்ப்பார். குப்பை கிடந்தால் யாரையும் கூப்பிடமாட்டார். துடைப்பத்தைத் தாமே எடுப்பார். பொறுப்பாளருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

இத்தனையும் கட்டியவர் தம் குடும்பத்தை அவற்றில் ஓர் அறையில் கூடக் குடிவைக்கவில்லை. மனைவியும் மக்களும் குடிசையிலேயே வாழ்ந்தார்கள். பொதுச் சொத்தில் தம் உறவினர் எவருக்கும் உரிமை கிடையாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பொதுவானது யாருடையதும் அல்ல என்று நாம் நினைக்கிறோம், அதனால் பாழாக்குகிறோம். சிலர் பொதுவானது தங்களுடையது என்று நினைக்கிறார்கள், அதனால் சுருட்டுகிறார்கள். காட்கே மகராஜ் இரண்டையும் செய்யாமல் வாழ்ந்து காட்டினார்.

அம்பேத்கரும் காட்கே மகராஜும்

டாக்டர் அம்பேத்கருக்கு அவர்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற மேதை ஒருவர். கையெழுத்துப் போடத் தெரியாத துறவி ஒருவர். ஒருவர் சட்டத்தாலும் போராட்டத்தாலும் தீண்டாமையை எதிர்த்தார். மற்றவர் துடைப்பத்தாலும் கீர்த்தனையாலும் எதிர்த்தார். 1949-ஆம் ஆண்டு பண்டரிபுரத்துச் சோகாமேளர் தருமசாலையை, அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்திடம் காட்கே மகராஜ் ஒப்படைத்தார். யாத்திரிகர் தங்கிய இடம் பிள்ளைகள் படிக்கும் இடமாகட்டும் என்பது அவர் எண்ணம்.

கர்மவீர் பாவுராவ் பாட்டீல் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய கல்வி இயக்கத்துக்கும் அவர் துணை நின்றார். கராடில் 1954-ஆம் ஆண்டு பாவுராவ் தொடங்கிய கல்லூரிக்கு, பள்ளிக்கூடமே போகாத காட்கே மகராஜின் பெயரை வைத்தார். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், எல்லாத் தர்ம ஸ்தாபனங்களையும் ஒழுங்காக நடத்துவதற்குக் காட்கே மகராஜ் மிஷன் அமைக்கப்பட்டது.

1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி அம்பேத்கர் மறைந்தார். பதினான்கு நாள் கழித்து, டிசம்பர் 20-ஆம் தேதி, காட்கே மகராஜும் போய்விட்டார். உடல் நலிந்திருந்த அவரை அமராவதிக்கு வண்டியில் அழைத்துச் சென்றபோது, வல்காவ் அருகே பேடி நதிப் பாலத்தில் உயிர் பிரிந்தது. வயது எண்பது. அவருக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். அமராவதியில் அவர் சமாதி இருக்கும் பகுதிக்குக் காட்கே நகர் என்று பெயர்.

பெயர் நிலைத்தது

மும்பை தாதர் கிழக்கில் அவர் பெயரால் ஒரு தருமசாலை நடக்கிறது. டாடா மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் ஏழைப் புற்றுநோயாளிகள் அங்கே தங்குகிறார்கள். 1977-ஆம் ஆண்டு அவர் வரலாறு மராட்டித் திரைப்படமாக வந்தது. 1998-ஆம் ஆண்டு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அமராவதிப் பல்கலைக்கழகத்துக்கு 2005-ஆம் ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் அவர் மனத்துக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடியது 2000-ஆம் ஆண்டு மராட்டிய அரசு தொடங்கிய சந்த் காட்கே பாபா கிராமத் தூய்மை இயக்கம்தான். சர்க்கார் பணம் கொடுத்துக் கட்டும் திட்டமாக அது வரவில்லை. கிராமங்களுக்குள் போட்டி வைத்தார்கள். ஊர்க்காரர்களே உழைத்துத் தெருவைச் சுத்தம் செய்து, சாக்கடை வெட்டி, கழிப்பறை கட்டிக்கொள்ள வேண்டும். சிறந்த ஊருக்கு மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் பரிசு. ஊர் எல்லையில் மலம் கழிக்கும் பழக்கம் ஒழிந்ததா என்று பார்க்க ஆய்வுக் குழுவினர் நேரில் வருவார்கள். இதற்குப் பிறகு 2003-ஆம் ஆண்டு மத்திய அரசு நிர்மல் கிராம விருதை அறிவித்தது. 2014-ஆம் ஆண்டு தூய்மை இந்தியா இயக்கம் வந்தது.

நம்முடைய சால்களும் குடிசைப் பகுதிகளும்

இனி நம் கதைக்கு வருவோம். மும்பையில் மில் தொழிலாளர்களுக்காக வெள்ளைக்கார அரசாங்கம் 1920-களில் கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. கழிப்பறை மட்டும் மாடிக்குப் பொது. தாராவி, ஆண்டாப் ஹில், சீத்தா கேம்ப் போன்ற பகுதிகளில் நம் ஜனங்கள் குடியேறியபோது அதுவும் கிடைக்கவில்லை. இரயில் பாதை ஓரமும் உப்பங்கழி ஓரமும்தான் கதி. பெண்கள் படும் பாடு சொல்லி முடியாது. விடியுமுன் எழுந்து போக வேண்டும். இல்லாவிட்டால் இருட்டும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீர்க் கோளாறுகளை வாங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

பின்னர் பொதுக் கழிப்பிடங்கள் கட்டினார்கள். கட்டியவை ஏன் பாழாகின்றன என்று கேட்டால், காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை, தாழ்ப்பாள் உடைந்தால் போடுவார் இல்லை, மலத்தொட்டி நிரம்பினால் எடுப்பார் இல்லை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை. கட்டிடம் கட்ட ஒரு முறை பணம் போதும். சுத்தமாக வைக்கத் தினமும் ஒரு கை வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர்களில் தமிழர் ஒருவரும் உண்டு. ஜோக்கின் அற்புதம் 1946-ஆம் ஆண்டு கோலார் தங்க வயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வாலிப வயதில் தச்சு வேலை செய்து பிழைக்கப் பம்பாய் வந்து, ஜனதா காலனிக் குடிசையில் வாழ்ந்தார். காலனிக் குப்பையை யாரும் அள்ளாதபோது, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அதை வாரிக் கொண்டுபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார். அப்புறம் குப்பை வண்டி வந்தது. 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியை இடித்து ஜனங்களைச் சீத்தா கேம்புக்கு அனுப்பினார்கள். அவர் ஓயவில்லை. குடிசைவாசிகளின் தேசியச் சம்மேளனத்தை வளர்த்தார். 2000-ஆம் ஆண்டு மகசாசே விருதும் 2011-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2018-ஆம் ஆண்டு காலமானார்.

அவரும் மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும் கழிப்பிடம் கட்டும்போது குடியிருப்பவர்களையே கலந்து திட்டம் போட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல். பெரியவர்கள் தள்ளிவிடாதபடி குழந்தைகளுக்குத் தனி இடம். காவல்காரர் குடும்பத்தோடு தங்க அங்கேயே ஓர் அறை. குடும்பத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை. அதற்கு ஒரு பாஸ். 1999-ஆம் ஆண்டு புனே மாநகராட்சி தொடங்கிய திட்டத்தில் இப்படியும் இதைப் போன்றும் 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் எழுந்தன. மும்பையில் உலக வங்கி உதவியோடு 1990-களில் வந்த திட்டத்திலும் மாநகராட்சி கட்டும், குடியிருப்போர் சங்கம் பராமரிக்கும் என்பதே ஏற்பாடு. சங்கம் ஒழுங்காக நடந்த இடத்தில் கழிப்பிடமும் ஒழுங்காக இருந்தது. சங்கம் சிலர் கைக்குப் போன இடத்தில் அதுவும் கெட்டது.

துடைப்பம் யார் கையில்?

மனித மலத்தை மனிதன் கையால் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிடக் கடுமையான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்துள்ளன. ஆனாலும் மலக்குழியில் இறங்கி மூச்சுத் திணறி மாண்டவர்களின் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மாண்டவர்கள் பெரும்பாலும் அதே பழைய சாதிகளைச் சேர்ந்தவர்கள். அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அசுத்தம் செய்வது ஒருவர், அள்ளுவது வேறொருவர் என்ற ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் ஒழிந்தாலும் மனத்தில் ஒழியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காட்கே மகராஜ் செய்ததை அப்படியே நாம் செய்ய முடியாது. ஷிப்டுக்குப் போகிறவனும் ஆபீசுக்குப் போகிறவனும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக இயலாது. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது முடியாத காரியமல்ல. தாழ்ப்பாள் உடைந்தால், யாரோ சரிசெய்வார்கள் என்று போகாமல் சங்கத்தில் சொல்வது, வசூலுக்கு வந்தால் பத்து ரூபாய்க்கு மூக்கால் அழாமல் கொடுத்துவிட்டுக் கணக்கும் கேட்பது, மாநகராட்சித் தண்ணீர் விடவில்லை என்றால் நாலு பேராகப் போய் மனுக் கொடுப்பது எல்லாமே முடியக்கூடியவைதான். துப்புரவு செய்ய வருகிறவரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கலாம். அவருக்குக் கையுறையும் காலுறையும் இயந்திரமும் கொடுக்கும்படி கேட்கலாம். வயதான அம்மாவும் கால் ஊனமுற்றவரும் ஏற முடியாத படியாக இருந்தால், சரிவுப் பாதை போடச் சொல்லலாம்.

பொதுக் கழிப்பிடத்தின் கதவு ஒரு ஊரின் மனத்தைக் காட்டும் கதவு. அது சுத்தமாகவும் எல்லோருக்கும் திறந்தும் இருந்தால், அங்கே வாழ்கிறவர்கள் ஒருவரை ஒருவர் மனிதராக மதிக்கிறார்கள் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத வண்ணார் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஐம்பது ஆண்டுகள் துடைப்பத்தால் எழுதிய பாடம் அது. சாத் ரஸ்தாவில் அந்தப் பெயர்ப் பலகையை அடுத்த முறை காணும்போது, கையெடுத்துக் கும்பிடுவதைக் காட்டிலும், வீடு திரும்பியதும் நம் மாடிக் கழிப்பறைக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.